கணினிச் சுட்டி: கம்பியுள்ளதா, கம்பியில்லாததா?

சங்கத்திற்குக் கணினி வாங்கும் தீர்மானம் நிர்வாகக் குழுவின் முன் வரும்பொழுது, இயந்திரத்தின் விலையும், அச்சுப்பொறியின் விலையும், மின்சாரம் தடைப்படும்பொழுது கைகொடுக்கும் பாட்டரியின் விலையும் நெடுநேரம் விவாதிக்கப்படுகின்றன. சுட்டியைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. ‘மௌஸ்’ என்று யாவரும் அழைக்கும் அச்சிறு கருவி ‘இதர சாமான்கள்’ என்னும் தலைப்பில் அடங்கிவிடுகிறது. கடைக்காரர் எதைக் கட்டிக் கொடுக்கிறாரோ அதுவே காரியாலயத்திற்கு வந்து சேர்கிறது. ஆயினும் நாள் முழுவதும் குமாஸ்தாவின் கை விடாது பற்றியிருப்பது அதனையே. அது நின்றால் ரசீது நிற்கிறது. ரசீது நின்றால், கடன் தவணை கட்டுவதற்காகத் தறியை விட்டும் வயலை விட்டும் வந்த அங்கத்தினர் வரிசையில் நிற்கிறார்.

2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. இதற்கு முன்னரே பல நெசவாளர் சங்கங்களில் கணக்கு எழுதவும், சேலைக்குரிய டிசைன் வரையவும் கணினி வந்துவிட்டது. ஆதலின், கம்பியுள்ள சுட்டி எது, கம்பியில்லாச் சுட்டி எது, யாருக்கு எது பொருந்தும் என்பதைச் சங்கக் காரியதரிசிகளும் குழுவினரும் சிறிது ஊன்றி அறிந்துகொள்ளுதல் நலம்.

முதற்கண் ஒரு தப்பெண்ணத்தை நீக்கிக்கொள்வோம். கம்பியில்லாச் சுட்டி புதிய கருவியாதலால் அது மிகவும் துல்லியமாக நகரும் என்று சிலரும், கம்பியுள்ளதே துல்லியமானது என்று வேறு சிலரும் வாதிடுகின்றனர். இவ்விரு கூற்றுகளும் பொருந்துவன அல்ல. சுட்டியின் அடிப்புறத்தில் ஒரு சிறு விளக்கு உண்டு. அதன் ஒளி மேசையின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும். அதனை ஒரு நுண்ணிய ஒளிப்படக் கருவி ஒரு நொடியில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட தடவை படம் பிடிக்கும். அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டுப் பார்த்து, கை எப்பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிடுவதே சுட்டியின் வேலை. இவ்வேலை இருவகைச் சுட்டியிலும் ஒன்றே. கணக்கிட்ட செய்தியைக் கணினிக்கு எடுத்துச் செல்லும் வழியில்தான் வேற்றுமை இருக்கிறது: ஒன்று கம்பி வழியாக அனுப்புகிறது, மற்றொன்று ரேடியோ அலை வழியாக அனுப்புகிறது. கண்ணாடி பதித்த மேசையில் சுட்டி தடுமாறுகிறதென்றால் அதற்குக் கம்பியைக் குறைகூறிப் பயனில்லை. வழவழப்பான கண்ணாடியில் படக்கருவிக்கு அடையாளம் ஏதும் அகப்படாததே காரணம். ஒரு தடித்த காகித அட்டையை அடியில் வைத்தால் குறை நீங்கிவிடும்.

சுட்டி பிறந்த காலத்தில் அதற்கு வால் இருந்தது. அவ்வாலே அதற்குப் பெயரும் தந்தது. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்பவர் இதனைக் கற்பனை செய்தார். அவருடைய சகாவான பில் இங்கிலீஷ் 1964-ஆம் ஆண்டில் அதனைச் செய்து முடித்தார். மரக்கட்டையைக் குடைந்து, அடியில் இரண்டு சக்கரங்களைப் பொருத்திய எளிய கருவி அது. 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஓர் அவையின் முன்னிலையில் எங்கெல்பார்ட் அதனை இயக்கிக் காட்டினார். பின்னர் சக்கரம் போய் உருண்டை வந்தது. உருண்டை போய் ஒளி வந்தது. வாலை நீக்கும் முயற்சியும் நெடுநாட்களாகவே நடந்துவந்திருக்கிறது. ஸ்விட்சர்லாந்தில் தோன்றிய லாஜிடெக் நிறுவனம் 1984-இல் அகச்சிவப்புக் கதிரால் இயங்கும் சுட்டியைச் செய்தது. சுட்டிக்கும் கணினிக்கும் நடுவே ஒரு புத்தகம் வைக்கப்பட்டாலும் அக்கதிர் தடைப்படும். 1991-இல் அதே நிறுவனம் ரேடியோ அலையால் இயங்குவதைக் கொணர்ந்தது. இன்று கடைகளில் கிடைக்கும் கம்பியில்லாச் சுட்டிகள் யாவும் ரேடியோ வகையைச் சேர்ந்தனவே.

கம்பியுள்ள சுட்டியின் பெருமை யாதெனில், அதற்குத் தனியே உணவு தேவையில்லை. யு.எஸ்.பி. துளையில் செருகியவுடன் கணினியிலிருந்தே 5 வோல்ட் மின்சாரம் பெற்றுக்கொள்கிறது. சாதாரணச் சுட்டியானது ஒரு நொடிக்கு 125 தடவை, அதாவது ஒரு நொடியை ஆயிரம் கூறாக்கினால் 8 கூறுகளுக்கு ஒரு தடவை, கணினிக்குச் செய்தி கொடுக்கிறது. கணக்கு வேலைக்கு இந்த வேகம் தாராளம். ‘ஆயிரம் தடவை செய்தி அனுப்பும்’ என்று விளம்பரம் செய்யப்படும் சுட்டிகள் கணினியில் விளையாடுவோருக்காக ஏற்பட்டவை. பேரேடு எழுதும் சங்கம் அதற்கென்று கூடுதல் பணம் கொடுக்க வேண்டுவதில்லை.

கம்பியின் குறைகளையும் மறைக்கலாகாது. கம்பி சுட்டியினுள் நுழையும் கழுத்தில், நாள்தோறும் வளைந்து வளைந்து, உள்ளிருக்கும் மெல்லிய செப்பிழைகள் அறுந்துபோகின்றன. மேசையின் விளிம்பில் கம்பி தொங்கினால் அதன் எடையே சுட்டியைப் பின்னுக்கு இழுக்கும். மணிக்கணக்கில் வேலை செய்பவருக்கு மணிக்கட்டில் வலி காணும். நூல் கட்டுகளும் நெல் மூட்டைகளும் இருக்கும் கட்டிடத்தில் நால்கால் எலிக்கும் பஞ்சமிராது. அது இந்த எலியின் வாலைக் கடித்துப் போட்டதை நான் ஆய்வுக்குச் சென்ற சங்கங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் இக்குறைகள் எல்லாம் கண்ணுக்குத் தெரிவன. பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் உடனே கண்டு முடிந்துவிடுகிறார். அதுபோலக் கம்பிச் சுட்டி பழுதுபட்டால், பழுது எங்கே என்று தேடிக் காலத்தைக் கழிக்க வேண்டுவதில்லை. வேறொன்றைச் செருகினால் மறுகணமே வேலை தொடரும்.

கம்பியில்லாச் சுட்டியில் இரு இனங்கள் உண்டு. ஒன்று, விரல் நகத்தளவேயான ரிசீவர் என்னும் சிறு முளையைத் தன்னுடன் கொண்டுவருவது; அம்முளையை யு.எஸ்.பி. துளையில் செருகிவிட வேண்டும். மற்றொன்று, முளையேதுமின்றி, கணினிக்குள்ளேயே இருக்கும் புளூடூத் அமைப்புடன் நேரே பேசுவது. இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே இயங்குகின்றன. வைஃபை இணைப்பும் பெரும்பாலும் அதே அலைவரிசையைப் பயன்படுத்துகிறது. முளையுள்ள இனத்திற்கு ஒரு சௌகரியம் உண்டு: கணினி விழித்தெழுந்து அடிப்படை அமைப்புகளைக் காட்டும் முதல் திரையிலேயே அது வேலை செய்யும். புளூடூத் சுட்டியோ இயக்க மென்பொருள் முழுதும் எழுந்த பின்னரே வேலை செய்வது வழக்கம். ஆதலின், புளூடூத் சுட்டியை மட்டும் வைத்திருக்கும் காரியாலயம் கணினியைப் பழுதுபார்க்கும் நாளில் வேறு ஒன்றைத் தேடி அலைய நேரும். மேலும் மேசைக்கணினிகள் பலவற்றில் புளூடூத் இருப்பதேயில்லை. வாங்குமுன் அதனை விசாரித்தறிய வேண்டும்.

முளையின் குறை, அது முளையாய் இருப்பதுதான். கையடக்கமான பொருள் கைதவறும். ஒரு சங்கத்தில் கூட்டிப் பெருக்கிய குப்பையோடு அது போய்விட்டது. சுட்டி புத்தம் புதிதாயிருந்தும், மலிவான இனமாதலால் வேறு முளையோடு அது சேர மறுத்துவிட்டது. லாஜிடெக் நிறுவனம் 2009-இல் வெளியிட்ட ‘யூனிஃபையிங்’ போன்ற முறைகளில், தொலைந்த முளைக்குப் பதிலாக அதே முறையைச் சேர்ந்த வேறொன்றை வாங்கி இணைத்துக்கொள்ளலாம். ஒரே முளையில் ஆறு கருவிகள் வரை இணைக்கவும் இயலும். விலை குறைந்த சுட்டிகளுக்கு அநேகமாய் இவ்வசதி கிடையாது. பல கணினிகள் வரிசையாயுள்ள பயிற்சிக் கூடத்தில் வேறொரு வேடிக்கையும் நிகழும். துடைத்து வைக்கும்பொழுது சுட்டிகள் இடம் மாறிவிட்டால், மூன்றாம் மேசைக்காரர் கையை அசைக்க ஐந்தாம் மேசைத் திரையில் அம்பு ஓடும். ஒவ்வொரு சுட்டியிலும் அதன் முளையிலும் ஒரே எண்ணைச் சாயத்தால் எழுதி வைப்பதே இதற்குப் பரிகாரம்.

‘கம்பியில்லாச் சுட்டி விட்டுவிட்டு நகருகிறது, கெட்டுவிட்டது’ என்று புகார் வந்தால், அதனைத் தூக்கி எறியுமுன் இரண்டு விஷயங்களைப் பார்த்தல் வேண்டும். முதலாவது, முளை எங்கே செருகப்பட்டிருக்கிறது என்பது. கணினிப் பெட்டி இரும்பினாலானது. அது இரும்பு மேசையின் கீழே இருக்க, முளை அதன் பின்புறத்தில் செருகப்பட்டிருந்தால், இரண்டு இரும்புச் சுவர்களைச் சுற்றிக்கொண்டு அலை வரவேண்டியிருக்கிறது. முன்புறத் துளைக்கு மாற்றினால் பெரும்பாலும் குறை தீரும். இரண்டாவது செய்தி அவ்வளவாகப் பலருக்குத் தெரியாதது. யு.எஸ்.பி. 3.0 என்னும் வேகமான துளைகளும், அவற்றில் செருகப்படும் தகவல் சேமிப்புக் கருவிகளும், இயங்கும்பொழுது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்திலேயே ரேடியோ இரைச்சலை எழுப்புகின்றன. இதனை இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் ஆய்வுக் குறிப்பில் வெளியிட்டுள்ளது. இத்துளைகளின் உட்புறம் பெரும்பாலும் நீல நிறமாயிருக்கும். மாலையில் கணக்குப் பிரதி எடுப்பதற்காக வெளிச் சேமிப்புக் கருவியைச் செருகியவுடன் சுட்டி தடுமாறத் தொடங்கினால் காரணம் இதுவேயாகலாம். முளையைக் கறுப்புத் துளைக்கு மாற்றுவதோ, ஒரு முழம் நீளமுள்ள நீட்டிப்புக் கம்பியின் முனையில் செருகிச் சற்று விலக்கி வைப்பதோ போதும். கம்பியில்லாச் சுட்டிக்குக் கம்பி வாங்குவதா என்று சிரிக்கத் தோன்றும். ஆயினும் பயன் தரும்.

இனி மிகவும் கவனிக்கத்தக்க விஷயத்திற்கு வருவோம். 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அமெரிக்காவின் பாஸ்டில் என்னும் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் ஒரு குறைபாட்டை வெளியிட்டது. புளூடூத் அல்லாத, முளையுள்ள கம்பியில்லாச் சுட்டிகளிலும் விசைப்பலகைகளிலும், ஏழு உற்பத்தியாளர்களின் கருவிகளில் அது இருப்பதாகத் தெரிவித்து, அதற்கு ‘மௌஸ்ஜாக்’ என்று பெயரிட்டது. குறை இதுதான்: விசைப்பலகையின் செய்தியைப் பூட்டி அனுப்பும் நிறுவனங்கள், சுட்டியின் செய்தியில் என்ன இரகசியம் இருக்கிறது என்று எண்ணி, அதனைப் பூட்டாமலே அனுப்பின. சுட்டியின் முளையைக் கணினி விசைப்பலகையாகவும் ஏற்றுக்கொள்ளும். எனவே ஒருவன் மலிவான ஒரு ரேடியோக் கருவியையும் மடிக்கணினியையும் வைத்துக்கொண்டு, சுமார் 100 மீட்டர் தொலைவிலிருந்தே, சுட்டி பேசுவதைப்போல் பேசி, விசைகளைத் தட்டியதாக அக்கணினியை நம்பவைக்க முடியும். அதாவது அறைக்குள் நுழையாமலேயே உங்கள் கணினியில் தட்டச்சு செய்துவிடலாம்.

100 மீட்டர் என்பது எவ்வளவு? நம் சங்கங்களிற் பல கடைத்தெருவிலேயே இருக்கின்றன. எதிர்ப்புறத் தேநீர்க் கடையும், பேருந்து நிற்கும் இடமும் அத்தொலைவுக்குள் அடங்கும். காசாளர் தம் கடவுச்சொல்லைக் கொடுத்துக் கணினியைத் திறந்து வைத்துவிட்டு, பெட்டக அறைக்குச் சென்றுவரும் சில நிமிடங்களில், அங்கத்தினரின் வைப்புத்தொகைக் கணக்குகள் அத்திரையில் திறந்தே கிடக்கின்றன. இக்குறை வெளியானபின் சில நிறுவனங்கள் திருத்த மென்பொருளை வெளியிட்டன; ஆனால் திருத்தவே இயலாதபடி செய்யப்பட்ட முளைகளும் இருந்தன; பழைய இருப்புகள் மலிவு விலையில் விற்கப்படும்பொழுது வாங்குபவருக்கு இவ்வேற்றுமை புலப்படாது. இத்தகைய திருட்டு நாள்தோறும் நடக்கிறது என்று பயமுறுத்துவது என் நோக்கமன்று. அதற்குத் தேர்ச்சியும் துணிவும் வேண்டும். ஆனால் பிறருடைய பணத்தைப் பாதுகாப்பவன், சில நூறு ரூபாய்ப் பொருளுக்காக அவ்வாசலைத் திறந்து வைக்க நியாயமில்லை. பணம் வாங்கும், கொடுக்கும் கணினிகளிலும், வைப்புக் கணக்கும் நகைக்கடன் கணக்கும் கையாளப்படும் கணினிகளிலும், கம்பியுள்ள சுட்டியும் கம்பியுள்ள விசைப்பலகையும் மட்டுமே இருத்தல் வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். எழுந்து செல்லும்பொழுது திரையைப் பூட்டிச் செல்லும் பழக்கம் எந்தச் சுட்டியாயினும் வேண்டியதே.

செலவுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். எட்டுக் கணினிகள் உள்ள ஒரு சங்கம் என்றும், கம்பியுள்ள சுட்டி ஒன்று 350 ரூபாய், கம்பியில்லாதது 650 ரூபாய் என்றும் கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். முதலில் 2,800 ரூபாயும் 5,200 ரூபாயும் ஆகும். கம்பியில்லாச் சுட்டி ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு பாட்டரிக் கட்டைகள், ஒன்று 20 ரூபாய் என்றால், எட்டுக்கும் ஆண்டுக்கு 320 ரூபாய்; ஐந்தாண்டுகளில் 1,600 ரூபாய். ஆக மொத்தம் 6,800 ரூபாய். வேற்றுமை 4,000 ரூபாய். ஆண்டுக்கு 800 ரூபாய். இதனால் எந்தச் சங்கமும் நொடித்துப் போகாது. விலையை மட்டுமே காட்டிக் கம்பியில்லாததை மறுப்பவர்கள் பாதி வாதத்தையே கூறுகின்றனர். உண்மையான செலவு வேலை நிற்பதில் இருக்கிறது. பாட்டரி தீரும் நாளை எவரும் முன்கூட்டிக் குறித்து வைப்பதில்லை. தவணையின் கடைசி நாளன்று பிற்பகல் மூன்று மணிக்குத் தீர்ந்துபோனால், கடைக்கு ஆள் போய்வரும் வரையில் அங்கத்தினர் காத்திருப்பர். அபராத வட்டி அன்று மாலைக்கு மேல் அவர்கள் தலையில் விழும். மாற்றுக் கட்டைகள் இரண்டு எப்பொழுதும் மேசை இழுப்பறையில் இருக்குமானால் இத்துன்பம் இல்லை. இருக்கிறதா என்பதே கேள்வி.

பாட்டரி பற்றி இன்னும் ஒரு சொல். ஆல்கலைன் கட்டை தீர்ந்தபின் நெடுநாள் உள்ளேயே கிடந்தால் காரநீர் கசிந்து உலோக முனைகளை அரித்துவிடும். தொடர் விடுமுறைக்கு முன் அடிப்புறமுள்ள பொத்தானை அணைத்துவிட வேண்டும். மாதக்கணக்கில் உபயோகிக்காதிருந்தால் கட்டையை எடுத்துவிட வேண்டும்.

அப்படியாயின் கம்பியில்லாச் சுட்டிக்கு இடமே இல்லையா? உண்டு. பேரவைக் கூட்டத்தில் ஆண்டறிக்கையைப் பெரிய திரையில் காட்டும் காரியதரிசி, கணினியின் அருகிலேயே கட்டுண்டு நிற்காமல், சில அடிகள் தள்ளி நின்று பக்கங்களைப் புரட்டலாம். கிராமங்களுக்கு மடிக்கணினியை எடுத்துச் சென்று அங்கத்தினர் விவரம் பதியும் பணியாளருக்கும் புளூடூத் சுட்டி வெகு சௌகரியம். பையில் கம்பி சிக்கிக்கொள்ளாது. மடிக்கணினியின் ஒன்றிரண்டு துளைகளும் வேறு வேலைக்கு மிஞ்சும். கையிலோ தோளிலோ வலியுள்ள பணியாளர் ஒருவர், கம்பியின் இழுப்பு நீங்கியதும் சுகம் கண்டால், பணம் கையாளாத மேசையில் அவருக்கு அதனைக் கொடுப்பதில் எவ்விதத் தடையும் இல்லை. தட்டச்சு செய்யும் பலகைக்கு ஒட்டினாற்போல் சுட்டியை வைத்துக்கொண்டால், கை எட்டி எட்டி நீள வேண்டாம். இது இருவகைக்கும் பொதுவான யோசனை. இடக்கைப் பழக்கமுள்ளவருக்குப் பொத்தான்களை இடம் மாற்றித் தரும் வசதி கணினியிலேயே இருக்கிறது. அதனை அறியாமல் ஆண்டுக்கணக்கில் வலக்கையால் தடுமாறுபவரும் உளர்.

டிசைன் வரையும் மேசைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜக்கார்டு வேலைக்காகக் கணினியில் கட்டம் கட்டமாகப் புள்ளி வைப்பவர் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை பொத்தானை அழுத்துகிறார். அட்டையிலே தவறாக விழுந்த ஒரு புள்ளி, டிசைன் திரும்பி வரும் இடந்தோறும் சேலையில் திரும்பி வரும். இங்கே கவனிக்க வேண்டியது கம்பியை மட்டுமன்று, பொத்தானின் அடியிலுள்ள சிறு ஸ்விட்சையும்கூட. அது தேய்ந்துவிட்டால், ஒருமுறை அழுத்துவது இருமுறை அழுத்தியதாகப் பதியும். இக்குறை தோன்றிய சுட்டியை, ‘இன்னும் கொஞ்சநாள் ஓடும்’ என்று டிசைன் மேசையில் வைத்திருப்பது சிக்கனமன்று. கம்பியில்லாச் சுட்டி பாட்டரியைச் சேமிக்கச் சிறிது நேரம் சும்மாயிருந்தால் உறங்கிவிடும். எழுப்பும்பொழுது முதல் அசைவு சில வேளைகளில் பதிவாவதில்லை. புள்ளிகளை எண்ணியெண்ணிப் பார்த்து யோசித்து வைப்பவருக்கு இது எரிச்சல் தரும். எனவே இம்மேசைக்கும் கம்பியுள்ளதையே சொல்லுவேன். கம்பியை மேசை விளிம்பில் ஒரு கிளிப்பால் தளர்வாகப் பிடித்து வைத்துவிட்டால் இழுப்பும் இராது.

வாங்கும்பொழுது, கணினிப் பெட்டி மேசையின் கீழே இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்று அளந்துகொண்டு, கம்பியின் நீளம் போதுமா என்று பார்க்க வேண்டும். மிகப் பழைய கணினியாயின் பி.எஸ்.2 என்னும் வட்டத் துளை இருக்கக்கூடும். அதில் செருகுவதும் எடுப்பதும் கணினியை நிறுத்திய பின்னரே செய்தல் வேண்டும். குழுவினரில் ஒருவரேனும் கையில் பிடித்துப் பார்க்காமல், பட்டியலில் படத்தைப் பார்த்து மொத்தமாக வாங்குவது சரியன்று. சிறிய கைக்குப் பெரிய சுட்டியும் பெரிய கைக்குச் சிறிய சுட்டியும் ஒத்துவரா. எட்டுக்கு ஒன்பதாக, மாற்றுக்கென ஒரு கம்பியுள்ள சுட்டியை வாங்கி அலமாரியில் வைக்க வேண்டும்.

தளவாடப் பதிவேட்டில் கம்பியில்லாச் சுட்டியைப் பதியும்பொழுது ‘சுட்டி 1’ என்று மட்டும் எழுதாமல், ‘ரிசீவருடன்’ என்றும், அதன் மேல் எழுதிய எண்ணையும் சேர்த்து எழுதுக. பணியாளர் மாறுதலாகிப் பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் இரண்டையும் எண்ணிப் பெற்றுக்கொள்க. தீர்ந்த பாட்டரிகளைக் குப்பையிலோ வாய்க்காலிலோ எறியலாகாது. 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அவற்றைச் சேகரிப்போரிடம் சேர்க்க வேண்டுமெனக் கூறுகின்றன. ஒரு மூடியுள்ள டப்பாவை அதற்கென ஒதுக்கி, நிறைந்தவுடன் ஒப்படைத்துச் சீட்டுப் பெற்று, அச்சீட்டைக் கோப்பில் சேர்த்து வைத்தால் ஆய்வின்போது காட்டுவதற்கும் எளிதாயிருக்கும்.